கோலா தெர்லாவுக்கு ஒரு லோடு

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு கலைந்து, மருந்து அடிக்கும் பெண்கள் ஓடைக்கரையில் கூடியபோது பனி இன்னும் தேயிலைச் செடிகளின் தலைமேல் கிடந்தது. ஒவ்வொருத்தி முதுகிலும் ஒரு பம்ப். முகத்தைச் சுற்றிப் பழைய துண்டு. அவர்களை வேலை வாங்கும் மண்டோர் ஆண்டியப்பன் நீலநிற டிரம்மின் மூடியைத் திருகித் திறந்து, புல்லைக் கருக்கும் மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வெறுங்கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுக் கலக்கினான்.

கலக்குவதற்கென்று மூங்கில் தடி ஒன்று பக்கத்திலேயே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை அவன் தொடுவதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் மருந்து வாடைக்கு மூக்கைப் பொத்தும்போது அவன் செய்துகாட்டும் வித்தை அது. நாளடைவில் வித்தையே வேலை முறையாகிவிட்டது. ஆண்டியப்பனின் கை உள்ளே போய் வெளியே வந்தால்தான் மருந்து சரியாகக் கலந்ததாகப் பெண்களும் நம்பினார்கள்.

"அண்ணே, கிராணிகிட்ட கையுறை கேட்டியா?" என்றாள் செல்லம்மா. அவள் ஆண்டியப்பனின் உடன்பிறந்த தங்கை.

"கேட்டேன், கேட்டேன். இன்னைக்குக் கையுறை, நாளைக்குத் தொப்பி, நாளான்னைக்கு ஏறிப்போக ஒரு காடி. துரை சம்சாரம் கூட இவ்வளவு கேக்கமாட்டா."

"காடி வேணாம் மண்டோரே" என்றாள் அம்மாக்கண்ணு. "ஒங்க ஜாக்கெட் மாதிரி ஆளுக்கு ஒண்ணு குடுத்தா போதும்லா. குளுர்ல பல்லு ஆடுது."

பெண்கள் சிரித்தார்கள். அந்த ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லாத நாளே தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கிடையாது. மருந்துக் கம்பெனியின் விற்பனையாளன் நாகரத்தினம் ஈப்போவிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, மார்பில் ஒரு பறவைச் சின்னம் போட்டது. ஆண்டியப்பன் அதை வெயிலில்கூடக் கழற்றுவதில்லை. மருந்து கலக்கும் நேரத்துக்கு மட்டும் பக்கத்துச் செடியின்மேல் போட்டுவைப்பான். கலக்கி முடித்ததும் கையைத் துண்டில் சுற்றித் துடைத்துக்கொண்டே முதல் வேலையாக அதை மாட்டிக்கொள்வான். ஜாக்கெட் வந்த பிறகு மண்டோர், துரை மாதிரி கரண்டியால் சோறு தின்கிறார் என்றும் ஒரு கேலி இருந்தது. அதைக் கேட்டால் அவனும் சிரிப்பான்.

கரண்டிக்குக் காரணம் வேறு. அவனுடைய வலது கையில் குழம்பு பட்டால் எரிந்தது. தோல் வெடித்து, விரல் நுனிகளில் நகம் இருந்த இடத்தில் மெழுகு போல ஏதோ மூடியிருந்தது. படுக்கப்போகுமுன் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவான். மனைவி கேட்டால், குளிர் வெடிப்பு என்பான். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். தெரிந்துகொள்ளாமல் இருக்க அவன் பாடுபட்டான் என்று மட்டும் சொல்லலாம்.

செல்லம்மாவுக்குப் படிப்படியாக வந்தது. முதலில் நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு கோடு பழுப்பாகிப் பரவியது. மூக்கிலிருந்து அவ்வப்போது இரத்தம் கசிந்தது; உயரத்துக் காற்று என்று நினைத்து ஈரத் துணியை வைத்துக்கொண்டாள். ஒருநாள் காலையில் மகள் திலகத்துக்குத் தலைவாரிப் பின்னலிட்டு, தானா ராத்தா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த தோழி, "உன் பின்னல்ல என்னமோ ஒட்டியிருக்கு" என்று எடுத்துக் கொடுத்தாள். சிப்பித் துண்டு என்றுதான் திலகம் முதலில் நினைத்தாள். திருப்பிப் பார்த்தாள். அது அம்மாவின் கட்டைவிரல் நகம்.

வீட்டுக்கு வந்து அதை அம்மாவின் முன்னால் வைத்தாள். செல்லம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அது கழன்றபோது வலிக்கவே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"மாமாகிட்ட சொல்லும்மா."

"சொன்னா, எங்கையப் பாருன்னு தொட்டியில விட்டுக் காட்டுவாரு ஒங்க மாமா."

தோட்ட மருந்தகத்தில் சேற்றுப்புண் என்று சொல்லி ஊதா மருந்து பூசி அனுப்பினார்கள். மற்ற நகங்களும் ஒவ்வொன்றாகப் போயின. பம்பின் பிடியை அழுத்தினால் விரல் நுனியில் இரத்தம் வந்தது. வேறு வழியில்லாமல் தோட்டத்துக் கணக்கும் ஆள் பேரும் எழுதும் கிராணி ரெங்கசாமியின் அலுவலகச் சன்னலில் போய் நின்றாள்.

"ஐயா, என்னைப் பழையபடி கொழுந்துக்கே மாத்திவுடுங்க."

"கையக் காட்டு."

காட்டினாள். ரெங்கசாமி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கொடியவர் அல்லர். நாள்தோறும் யாராவது ஒருவருக்கு இல்லை என்று சொல்வது அவருடைய உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் இளகிய மனம் ரொம்ப நாள் தங்காது. அந்தத் தோட்டத்தில் மேட்டு நிலத்துக் கொழுந்தைக் கத்தரி வைத்து ஆண்கள் வெட்டிவந்தார்கள். சரிவுகளில் மட்டும் பெண்கள் கையால் கிள்ளினார்கள். நகமில்லாத விரல் ஈரக் கொழுந்தைக் கிள்ளாது. தொட்டாலே தீப்பட்டது போல் துடிக்கும்.

"இத வச்சுக்கிட்டு எப்புடிக் கிள்ளுவ? பம்பும் பிடிக்க முடியல. ஒன் வீட்டுக்காரன் போனதுலேர்ந்து அந்த வீடு ஒம்பேர்லதான் இருக்கு. வேலைக்கு ஆள் இல்லாத வீட்ட வைக்க முடியாதுன்னு தோட்டத்துச் சட்டம். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. அதனாலதான் வந்து நிக்கிறேன்."

"ஒம்மவளுக்குப் பதினஞ்சு ஆயிடிச்சு. ஒனக்குப் பதிலா அவ பம்ப் தூக்கட்டும். வீடும் நிக்கும், நீயும் வீட்டுல இருந்து கையப் பாத்துக்கலாம். விஜயதசமியோட பேரு போட்டுடறேன்."

அவர் அதை உதவியாகத்தான் சொன்னார். செல்லம்மா நடந்து வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டைக் காலிசெய்தால் போவதற்கு அவளுக்கு இடமில்லை. மகளைப் பம்புக்கு அனுப்பினால், அந்தச் சின்ன விரல்களுக்கும் இதே கதி. செய்தி கேட்டு ஆண்டியப்பன் வந்தான்.

"விஜயதசமி அன்னைக்குத் தொடங்குற வேலை விளங்கும் தாயி. பம்ப நானே எங்கையால எடுத்து அவ முதுகுல மாட்டிவுடறேன். தாய்மாமன் இருக்கேன்ல."

திலகம் வயதுக்கு வந்தபோது மாலை போட்டுப் பட்டுத்துணி கொடுத்த அதே தாய்மாமன். செல்லம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, அது நல்ல மருந்துதானா? எம்மேல சத்தியமா சொல்லு."

"நல்ல மருந்துதான். வெளிநாட்டுச் சரக்கு. சீமையில செஞ்சு கப்பல்ல வருது. கெட்டதா இருந்தா அவன் செய்வானா?"

அப்படித்தான் அவன் நம்பினான். அப்படித்தான் அந்த மலையிலிருந்த எல்லோரும் நம்பினார்கள். கடல் தாண்டி வரும் பொருளை யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் சோதித்துத்தான் அனுப்பியிருப்பார் என்கிற நம்பிக்கை.

ஆயுத பூசை அன்று மத்தியானம் வேலை நிறுத்தி, ஸ்டோர் முன்னால் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக அடுக்கினார்கள். கத்தரிகள், தராசு, கவ்வாத்துக் கத்திகள், பம்புகள். ஓரத்தில் புதிதாக வந்திறங்கிய நீல டிரம்கள். தோங் என்று லயத்தில் சொல்லும் அந்த டிரம்களுக்கும் ஆண்டுதோறும் பூசை உண்டு. சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பது ஆண்டியப்பனின் உரிமை.

டிரம்மில் ஒரு மண்டை ஓட்டுப் படம் இருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் பொடியெழுத்து. அந்த எழுத்து அங்கே பம்ப் தூக்கிய யாருக்கும் தெரியாது. படம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆண்டியப்பனின் கணக்கு எளிமையானது. முகம் என்று ஒன்று இருந்தால் நெற்றி இருக்கும். நெற்றி இருந்தால் அங்கேதான் பொட்டு வைக்க வேண்டும். ஆகவே மண்டை ஓட்டின் நெற்றியில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பான். ஒன்றிரண்டு ஆண்டுகளில் அந்த முகம் சாமி முகமாகிவிட்டது. பெண்கள் அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். எச்சரிக்கைக்கென்று அந்த டிரம்மில் இருந்த ஒரே அடையாளத்தை அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மொழியில் ஒரு வரி எழுதி ஒட்ட, செய்தவனுக்கும் மனமில்லை, விற்றவனுக்கும் மனமில்லை.

அன்று நாகரத்தினமும் வந்திருந்தான். ரெங்கசாமியோடு நின்று பொரி கடலையைக் கொறித்தபடி வியாபாரம் பேசினான். சற்றுத் தள்ளி ஆண்டியப்பன் முதல் டிரம்முக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான். மண்டோரின் காதுகளை நாகரத்தினம் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

"இன்னும் ஒரு லோடு எடுத்துக்குங்க ஐயா. பாதி விலைக்குத் தர்றேன்."

"ஏன்யா இப்புடி எறக்குற? சரக்கு கெட்டுப்போச்சா?"

"சரக்கு நல்ல சரக்குதான். செஞ்ச ஊர்லதான் இத அடிக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. கெடங்குல குமிஞ்சு கெடக்கு. அங்கயே அழிச்சா செலவு. இங்க தள்ளிவுட்டா லாபம்."

ஆண்டியப்பனின் விரல் இரண்டாவது டிரம்மின் நெற்றியில் நின்றுவிட்டது.

"சட்டம் கிட்டம் வந்துடப் போவுது" என்றார் ரெங்கசாமி.

"போன வருசம் ரோம்ல எல்லா நாட்டுக்காரனும் கூடி ஒரு ஒழுங்குமுறை எழுதுனானுங்க. எல்லாரும் கையத் தூக்கிச் சரின்னு சொன்னாங்க. கடைப்பிடிக்கிறது அவனவன் இஷ்டம். வாங்குற ஊர்க்காரன மொதல்ல கேட்டுட்டுத்தான் அனுப்பணும்னு ஒரு வரி எழுதியிருந்தாங்களாம். அதையும் கடைசியில எடுத்துட்டாங்களாம்."

"கட்டாயம் இல்லயா?"

"இஷ்டம் ஐயா. நான் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போறேன்ல, அந்த மாதிரி."

ரெங்கசாமி சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் ஆண்டியப்பன் எழுந்து வந்து நின்றான். விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

"எதுக்கு நிறுத்துனாங்க அங்க?"

"அட, நீங்க பூசையப் பாருங்க மண்டோர்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"அவங்க ஆளுங்களுக்குத் தோலு மெல்லிசு. நகம் கழண்டு போவுதாம், மூக்குல ரத்தம் வருதாம், நுரையீரல் கெடுதாம். என்னென்னமோ சொல்றானுங்க. நம்ம ஆளுங்க கை காப்புக் காச்ச கை. நமக்கென்ன?"

நகம் என்ற சொல்லுக்குப் பிறகு ஆண்டியப்பனுக்கு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துத் திறந்தான். கழற்றினான். சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றினான். பூசைக்கு நின்ற பெண்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். தினமும் தொட்டிக்குள் போய் வந்தும், பனியிலும் அவசரத்திலும் இதுவரை யாரும் உற்றுப் பார்க்காத கை. முழங்கைக்குக் கீழே மரப்பட்டை போல வெடித்து, சிவந்து, விரல்களில் ஒரு நகம்கூட இல்லாமல் இருந்தது.

"அண்ணே" என்றாள் செல்லம்மா.

"இதான் தோங்குக்குள்ள வுட்டுக் கலக்குற கை" என்றான் அவன் நாகரத்தினத்திடம். "இது கெட்டியான தோலுதான? ஒன்னுதும் இதே தோலுதான். நீயும் தமிழன், நானும் தமிழன். வா. மூடியத் தொறக்கறேன். ஒரே ஒரு தடவ ஒங்கைய வுட்டுக் கலக்கு. கலக்கிட்டு இன்னும் ஒரு லோடு வித்துட்டுப் போ."

நாகரத்தினம் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். தான் அப்படிச் செய்ததை உணர்ந்ததும் வெளியே எடுத்தான். மறுபடியும் விட்டுக்கொண்டான்.

"நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு மண்டோர் இது" என்று முனகியபடி தன் காடியை நோக்கி நடந்தான்.

"ஏன்யா ஓடுற? பொரி மிச்சம் இருக்கு" என்றாள் அம்மாக்கண்ணு.

அந்த ஜாக்கெட் காடியின் கண்ணாடிமேல் போய் விழுந்தது. ஆண்டியப்பன் வாளித் தண்ணீரை எடுத்து டிரம்மின்மேல் ஊற்றி, வைத்த சந்தனத்தைத் தேய்த்துக் கழுவினான். சந்தனம் வழிந்து மண்டை ஓடு தெரிந்தது. மறுநாளைக்காகக் கழுவி வைத்திருந்த பம்பைத் தொட்டுக்கொண்டு நின்ற திலகத்தைப் பார்த்தான்.

"கைய எடு தாயி. அத மாமன் ஒனக்கு மாட்டமாட்டேன்."

நாகரத்தினம் சொன்னதையெல்லாம் ஆண்டியப்பன் அன்றிரவே லயத்தில் சொல்லிவிட்டான். விஜயதசமிக் காலைப் பெரட்டில் ஒரு பம்பும் எழவில்லை. பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யூனியன்காரருக்குச் சொல்லி அனுப்புவோம் என்றாள் அம்மாக்கண்ணு. ரெங்கசாமி துரை வீட்டுக்கும் ஸ்டோருக்குமாக நடந்தார். பொழுது ஏறியபின் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் தெளிவு இருந்தது.

"துரை பேசிட்டாரு. ரொம்ப நல்ல மனசு. இனிமே இந்தத் தோட்டத்துல அந்த மருந்து கெடையாது. புல்ல மண்வெட்டியால செதுக்குங்க. செல்லம்மாவுக்குப் புள்ளக்கொட்டகையில ஆயா வேலை. பம்பும் இல்ல, கொழுந்தும் இல்ல, சின்னதுங்களப் பாத்துக்கிட்டா போதும். வீடு அவ பேர்லயே இருக்கும். அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போகட்டும். மண்டோர் நேத்துப் பேசுனதையும் மன்னிச்சுட்டாரு. போதுமாலா?"

செல்லம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். அம்மாக்கண்ணு அவள் முதுகைத் தட்டினாள். சனியன் தொலைந்தது என்று யாரோ சொன்னார்கள். ஆண்டியப்பன் கிராணியைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தோங்கையெல்லாம் என்னா செய்றது ஐயா?"

"அது கவலையில்ல. இதே மலையில, கோலா தெர்லாவுல காய்கறித் தோட்டக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. வந்த விலைக்கும் கீழ குடுத்தா அள்ளிக்கிட்டுப் போவாங்க. லோரிக்குச் சொல்லியாச்சு. ஏத்திவுட்டுட்டா கணக்கு முடிஞ்சுது."

கணக்கு முடிந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது அப்போது உறுத்தியதா? உறுத்தவில்லை. அவர்கள் பொல்லாதவர்கள் என்பதல்ல; தலைமேல் தொங்கிய கல் விலகினால் அது அடுத்து எங்கே போய் விழும் என்று பார்க்க யாருக்கும் தோன்றாது. கடல் தாண்டி அந்த டிரம்மை அனுப்பியவர்களுக்கும் இப்படித்தான் தோன்றாமல் இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே லோரி வந்துவிட்டது; காளிமுத்துவுடையது. கோலா தெர்லாக்காரன், கோசும் தக்காளியும் கீழே இறக்கிவிட்டுத் திரும்புபவன். முந்தின நாள் போட்ட பூசைமாலை இன்னும் வண்டியின் நெற்றியில் வாடாமல் தொங்கியது. பலகையைச் சாய்த்து டிரம்களை உருட்டி ஏற்றத் தொடங்கினார்கள். ஆண்டியப்பனே முன்னின்று, "தூக்கு, தூக்கு, அப்புடித்தான்" என்று குரல் கொடுத்தான். ஏற்ற முடியாத கையோடு செல்லம்மா ஓரமாக நின்றாள். சந்தோசத்தில் மறுபடி பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்ட திலகம் அவள் பக்கத்தில் நின்றாள்.

"பாதி விலைன்னதும் எங்க ஊர்ல அடிச்சுக்கறாங்க மண்டோர்" என்றான் காளிமுத்து, கயிற்றை வீசிக் கட்டியபடி. "பூசையெல்லாம் போட்டு முதல் லோடு இதான். ஆமா, எதுக்கு இப்புடி எறக்கிக் குடுக்கறீங்க? சரக்கு கெட்டுப்போச்சா?"

"சரக்கு நல்ல சரக்குதான்" என்றான் ஆண்டியப்பன்.

அது அவன் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அவனுடைய சொல் அல்ல. முந்திய நாள் பொரியைக் கொறித்துக்கொண்டே ஒருவன் சொன்ன சொல். எழுத்து மாறாமல் வந்துவிட்டது. ஆண்டியப்பன் டிரம்மின்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டான். திரும்பினான். தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லம்மா மெதுவாக லோரியின் பக்கம் வந்து காளிமுத்துவிடம் கேட்டாள்.

"அண்ணே, ஒங்க ஊட்ல யாரு பம்ப் தூக்குறது?"

"எம்பொண்டாட்டிதான்க்கா. வடிவம்மா. நான் லோரியோட சுத்துறேன், நெலத்தையெல்லாம் அவதான் பாக்குறா. ஏன்?"

செல்லம்மா இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். காளிமுத்து கயிற்றை விட்டான். பார்க்கக் கூடாததைப் பார்த்தவன் போல முதலில் கண்ணைத் திருப்பினான். பிறகு நன்றாகப் பார்த்தான்.

"இது... இந்தத் தோங்குலேர்ந்தா?"

"இதுலேர்ந்துதான். எங்கண்ணன் கையையும் பாருங்க."

ஆண்டியப்பன் சட்டைக் கையை உயர்த்தினான். அவன் தலை குனிந்திருந்தது.

ரெங்கசாமி அலுவலகப் படியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். "ஏ செல்லம்மா, ஒனக்கென்ன அங்க பேச்சு? ஒம் பிரச்சினை தீர்ந்துடிச்சுல்ல?"

"எம் பிரச்சினை லோரியில ஏறிப் போவுது ஐயா."

"இத பாரு. இந்த லோடு போனாத்தான் போட்ட பணம் தோட்டத்துக்குத் திரும்பும். அதுக்குத்தான் துரை ஒத்துக்கிட்டாரு. லோடு நின்னுச்சுன்னா ஆயா வேலையும் நிக்கும். வீட்ட நெனச்சுப் பேசு. பக்கத்துல நிக்கிற பொண்ண நெனச்சுப் பேசு."

செல்லம்மா மகளைப் பார்த்தாள். ஒரு நாள்கூட ஆகவில்லை. கிடைத்த வீடும் வேலையும் மகளின் படிப்பும் மறுபடி இந்தப் படியில் வந்து நின்றுவிட்டன. பேசாமல் நகர்ந்தால் போதும். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். கோலா தெர்லாவில் அவளுக்கு யாரையும் தெரியாது.

திலகம் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, அவங்களுக்கும் தலைவாரிவிட ஒரு பொண்ணு இருக்கும்மா" என்றாள் மெல்லிய குரலில்.

செல்லம்மா லோரிக்கு முன்னால் போய், மாலை தொங்கிய இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"நான் போகமாட்டேன் ஐயா. வண்டியும் போகாது."

"என்னாடி திமிரு?"

"நேத்து அந்த ஆளு சொன்னத நீங்களும் கேட்டீங்க. அங்க ஆகாதுன்னு நிறுத்துனானாம், அங்க அழிச்சா செலவுன்னு இங்க அனுப்புனானாம். கேட்டு எங்களுக்கெல்லாம் வயிறு எரிஞ்சுச்சு. இன்னைக்கு நாம என்னா செய்றோம்? இங்க ஆகாதுன்னு அங்க அனுப்பறோம். அவன் கப்பல்ல செஞ்சா துரோகம், நாம லோரில செஞ்சா பொழப்பா?"

ஆண்டியப்பன் லோரியின் பின்பக்கம் போய், வெடித்த கையாலேயே முதல் டிரம்மைப் பிடித்து இழுத்தான். மேலே ஏறிக் காளிமுத்து தள்ளிக் கொடுத்தான். அம்மாக்கண்ணு கீழே பலகையைப் பிடித்தாள்.

"வுட்டுடுங்க. கூலிக்கு ஏத்துனோம், சும்மா எறக்குவோம்" என்றாள்.

"நீ மண்டோர் வேலையில இருக்க ஆண்டியப்பா" என்றார் ரெங்கசாமி. "யோசிச்சுக்க."

"இவ்வளவு நாளா யோசிக்காமத்தான் ஐயா மண்டோரா இருந்தேன்."

டிரம்கள் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கின. சந்தனம் கழுவிய மண்டை ஓடுகள் எல்லாம் அலுவலகப் பக்கம் பார்த்தபடி வரிசையாக நின்றன. மேலே மழை மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போவ?" என்று கேட்டார் ரெங்கசாமி. அவர் குரலில் இப்போது மிரட்டல் பாதிதான் இருந்தது.

செல்லம்மா நகமில்லாத விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியல ஐயா. அத நெனச்சா பயமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு தெரியும். தனக்கு ஆகாதுன்னு தெரிஞ்ச வெசத்தத் தெரியாதவன் தலையில கட்டுறதுக்குப் பேரு வியாபாரம் இல்ல, கொலை. தூரத்துலேர்ந்து செஞ்சாலும் கொலைதான், பாதி விலைக்குச் செஞ்சாலும் கொலைதான். ரோம்ல கையத் தூக்குனவங்க இஷ்டம் இருந்தா நிறுத்தட்டும், இல்லாட்டி போகட்டும். இந்தக் கைய வச்சுக்கிட்டு, நிறுத்தலாமா வேணாமான்னு பாக்குற அந்த இஷ்டம் எனக்கு இல்ல. இந்தத் தோங்கு இந்த மலையில எந்த வாசலுக்கும் போகக் கூடாது."